வாக்குப்பதிவு வரை உறங்கும் விலை

2021 பிப்ரவரி 26 அன்று தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, அசாம், மேற்கு வங்கம் ஆகியவற்றின் சட்டமன்றத் தேர்தல் தேதிகளை ஆணையம் அறிவித்தது. மறுநாள் காலை பெட்ரோலும் டீசலும் சில பைசா ஏறின. அதோடு நின்றுவிட்டன. அந்த மாதம் முழுக்க நாள் விட்டு நாள் ஏறிக்கொண்டிருந்த விலை, மே 2 வாக்கு எண்ணிக்கை முடியும் வரை ஒரு பைசாகூட ஏறவில்லை. நடுவே நான்கு முறை இறங்கவும் செய்தது; நான்கையும் கூட்டினால் டெல்லியில் பெட்ரோலுக்கு 77 பைசா. மே 4 காலையில் ஏற்றம் மறுபடி தொடங்கியது. சென்னையில் 92 ரூபாய் 43 பைசாவில் நின்றிருந்த பெட்ரோல் ஜூலைத் தொடக்கத்தில் நூறு ரூபாயைத் தாண்டியது. நடுவில் மாநில அரசு தன் வரியில் 3 ரூபாயைக் குறைத்த பிறகும், நவம்பர் தொடக்கத்தில் 106 ரூபாய் 66 பைசாவுக்குப் போய் நின்றது. எரிபொருள் விலைக்கும் தேர்தலுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் பெட்ரோல் பங்கில் வண்டியோடு வரிசையில் நிற்கும் யாரும் யோசிக்காமல் உண்டு என்பார்கள். அரசும் எண்ணெய் நிறுவனங்களும் இல்லை என்கின்றன. இரண்டு பதிலையும் அப்படியே ஏற்காமல் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாலசமுத்திரத்தை எடுத்துக்கொள்வோம். பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், பாலாறு பொருந்தலாறு அணைத் தண்ணீரில் விளையும் பகுதி. நெல், கரும்பு, தென்னை, மா என்று எதைப் பயிரிட்டாலும் உழுவது டிராக்டர், அறுப்பது இயந்திரம், ஏற்றிப்போவது டெம்போ அல்லது லாரி. ஆயக்குடிக் கொய்யாவும் ஒட்டன்சத்திரம் சந்தைக் காய்கறியும் கேரளத்துக்குப் போவது டீசலில்தான். வண்டியே இல்லாத ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் டீசல் விலை அரிசியாகவும் தக்காளியாகவும் மினி பஸ் கட்டணமாகவும் வந்து சேர்கிறது. இங்கே ஒரு வழக்கம் கவனிக்கத்தக்கது. டீசல் ஏறினால் உழவுக் கூலி ஏறும், லாரி வாடகை ஏறும். டீசல் இறங்கினால் அவை அதே வேகத்தில் இறங்குவதில்லை; பல நேரம் இறங்குவதே இல்லை. ஆகவே விலை எவ்வளவு ஏறியது என்பதோடு, எப்படி ஏறியது என்பதும் கிராமத்துக்கு முக்கியம். மெல்ல ஏறி மெல்ல இறங்கும் விலையை ஒரு சம்சாரி தாங்கிக்கொள்வார். இரண்டு வாரத்தில் பத்து ரூபாய் ஏறும் விலை கூலியையும் வாடகையையும் புதிய உயரத்தில் நிறுத்திவிட்டுப் போகும்.

கொள்கைப்படி இந்த விலையில் அரசுக்கு வேலையே இல்லை. அரசே விலை குறிக்கும் முறை 2002 ஏப்ரல் 1 அன்று முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் அது முடியவில்லை. பெட்ரோல் 2010 ஜூனிலும் டீசல் 2014 அக்டோபரிலும்தான் அரசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2017 ஜூன் 16 முதல் நாடு முழுக்கத் தினசரி விலை மாற்றம் வந்தது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. எனவே வெளிச்சந்தை விலையும் ரூபாயின் மதிப்பும் அன்றாடம் மாறுவதற்கேற்ப உள்ளூர் விலையும் பைசா பைசாவாக மாறும், யாருக்கும் வலிக்காது, அரசியலும் நுழையாது என்பதே அன்று சொல்லப்பட்ட காரணம். நல்ல காரணம்தான். ஆனால் அந்த ஏற்பாடு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. 2018 ஏப்ரல் 24 முதல் மே 13 வரை, கச்சா எண்ணெய் ஏறிக்கொண்டும் ரூபாய் சரிந்துகொண்டும் இருந்த நேரத்தில், தினசரி மாற்றம் அப்படியே நின்றது. கர்நாடகத்தில் மே 12 வாக்குப்பதிவு. மே 14 அன்று விலை மறுபடி நகரத் தொடங்கி, பதினாறு நாள் தொடர்ந்து ஏறியது. டெல்லியில் பெட்ரோல் 74 ரூபாய் 63 பைசாவிலிருந்து 78 ரூபாய் 43 பைசா ஆனது. பதினேழாவது நாள் குறைத்தார்கள். முதலில் 60 பைசா என்று அறிவித்து, பிறகு அது தவறு என்று திருத்தி, குறைப்பு ஒரு பைசா என்றார்கள்.

இதைவிடத் தெளிவான சான்று 2021 - 2022 குளிர்காலத்தில் இருக்கிறது. 2021 நவம்பர் 3 அன்று, தீபாவளிக்கு முதல் நாள், மத்திய அரசு கலால் வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. அதற்கு முதல் நாள்தான் இடைத்தேர்தல் முடிவுகள் வந்து, இமாச்சலப் பிரதேசத்தில் ஆளுங்கட்சி தோற்றிருந்தது. பிறகு விலை உறைந்தது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தராகண்ட், கோவா, மணிப்பூர் தேர்தல்கள் மார்ச் 7 வரை நடந்தன. அந்த இடைவெளியில் உலகம் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. பீப்பாய் 80 டாலரை ஒட்டி இருந்த இந்தியக் கொள்முதல் விலை, மார்ச் மாதச் சராசரியிலேயே 110 டாலரைத் தாண்டியது. சென்னையில் பெட்ரோல் 101 ரூபாய் 40 பைசாவை விட்டு அசையவில்லை. 137 நாட்கள். மார்ச் 10 அன்று முடிவுகள் வந்தன. 22 அன்று 80 பைசா ஏற்றத்தோடு கதவு திறந்தது. ஏப்ரல் 6 வரை பதினாறு நாளில் பதினான்கு ஏற்றம், டெல்லிக் கணக்கில் லிட்டருக்குப் பத்து ரூபாய். அணையின் மதகை மழைக்காலம் முழுக்க அடைத்துவைத்துவிட்டு ஒரே இரவில் திறந்தால் கீழே இருக்கும் வயலுக்கு என்ன ஆகும் என்பதைப் பாலசமுத்திரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மொத்தத் தண்ணீர் அதே தண்ணீர்தான். வயலை அழிப்பது அது மொத்தமாக வரும் வேகம்.

இதை ஒரு கட்சியின் பாவமாக எழுதிவிட்டால் வேலை சுலபம், ஆனால் உண்மை அதற்கு இடம் கொடுக்காது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு மே 13 அன்று வந்தது. தேர்தல் காலத்தில் அசையாதிருந்த விலை ஜூன் நடுவில் பெட்ரோலுக்கு 2 ரூபாய், டீசலுக்கு 1 ரூபாய் ஏறியது. அப்போது பெட்ரோலியத் துறை அமைச்சர் நம் மயிலாடுதுறையிலிருந்து வென்ற மணிசங்கர் அய்யர். 2006 மே மாதம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல் முடிந்தது. ஜூன் முதல் வாரத்தில் பெட்ரோல் 4 ரூபாயும் டீசல் 2 ரூபாயும் ஏறின. 2011 இன்னும் அப்பட்டமானது. பெட்ரோல் விலை அதற்கு முந்தைய ஆண்டே ‘விடுவிக்கப்பட்டு’விட்டது. ஜனவரிக்குப் பிறகு அது அசையவில்லை. தமிழ்நாட்டில் ஏப்ரல் 13 வாக்குப்பதிவு, மே 13 எண்ணிக்கை. மே 14 நள்ளிரவு லிட்டருக்கு 5 ரூபாய் ஏறியது. அன்றைய மத்திய ஆட்சி காங்கிரஸ் கூட்டணி, தி.மு.க.வும் அதில் இருந்தது. 1973இல் பெட்ரோல் விலை உயர்வைக் கண்டித்து மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தவர் வாஜ்பாய். எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாக் கட்சிக்கும் மாட்டு வண்டி கிடைக்கிறது. ஆட்சிக்கு வந்ததும் எல்லாக் கட்சிக்கும் தேர்தல் நாட்காட்டி கைக்கு வருகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, விலையைத் தீர்மானிப்பது உலகச் சந்தை என்பது. நெடுங்காலப் போக்கில் இது சரி. பீப்பாய் 110 டாலருக்குப் போனால் எந்தத் தேர்தலாலும் பெட்ரோலை என்றென்றைக்கும் பிடித்துவைக்க முடியாது. 2022 மார்ச்சே அதற்குச் சாட்சி. ஆனால் உலகச் சந்தைதான் விலையை நடத்துகிறது என்றால், அது ஏறிய 137 நாளில் உள்ளூர் விலையும் ஏறியிருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் இந்தியக் கொள்முதல் விலை சராசரி 20 டாலருக்கு விழுந்தபோது பெட்ரோல் மலிந்திருக்க வேண்டும். மலியவில்லை. அந்த மார்ச்சிலும் மே மாதத்திலும் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு மொத்தம் 13 ரூபாயும் டீசலுக்கு 16 ரூபாயும் உயர்த்திக்கொண்டது; அதே மே மாதம் தமிழ்நாடும் தன் விற்பனை வரியை உயர்த்தியது. அப்போது பக்கத்தில் பெரிய தேர்தல் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உலகச் சந்தை எவ்வளவு என்பதைச் சொல்கிறது. அந்த ‘எவ்வளவு’ எப்போது மக்களிடம் வர வேண்டும், யார் பையில் தங்க வேண்டும் என்பதை உள்ளூர் அரசியல் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு எண்ணெய் நிறுவனங்களின் சுதந்திரம். 2018இல் கர்நாடகத் தேர்தல் நேரத்து உறைவைப் பற்றிக் கேட்டபோது, இந்தியன் ஆயில் தலைவர் அளித்த விளக்கம், அன்றைய சந்தை விலைக்கு அடிப்படை வலு இல்லாததால் தாங்களே தற்காலிகமாக விலையை மட்டுப்படுத்தினோம் என்பது. 2022இலும் பெட்ரோலியத் துறை அமைச்சர் ஹர்தீப் சிங் புரி, விலைக்கும் தேர்தலுக்கும் முடிச்சுப் போடுவது சரியல்ல, முடிவு நிறுவனங்களுடையது என்ற பொருளில்தான் பேசினார். ஒரு முறை என்றால் நம்பலாம். ஆனால் நிறுவனங்களின் வணிக விவேகம் திரும்பத் திரும்ப வாக்குப்பதிவுக்கு முன் விழித்து, வாக்குப்பதிவு முடிந்த பின் உறங்கப் போகிறது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் பெரும்பான்மைப் பங்கு அரசின் கையில் உள்ள நிறுவனங்கள், இந்துஸ்தான் பெட்ரோலியம் மட்டும் அரசின் இன்னொரு நிறுவனமான ஓ.என்.ஜி.சி. வழியாக. சில்லறை விற்பனையில் பெரும்பகுதி இவற்றுடையது. மூன்றும் ஒரே நாளில் நின்று ஒரே நாளில் நகர்வதற்கு எழுத்தில் உத்தரவு தேவையில்லை. விலை அரசியல் என்பதை அரசமைப்பு அங்கம் ஒன்றே ஒருமுறை ஒப்புக்கொண்டும் இருக்கிறது: 2014 ஏப்ரல் 1 முதல் உள்நாட்டு இயற்கை எரிவாயு விலையை உயர்த்த இருந்ததை, நாடாளுமன்றத் தேர்தலை முன்னிட்டுத் தள்ளிவைக்கும்படி தேர்தல் ஆணையமே கேட்டுக்கொண்டது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இந்தியாவில் ஆண்டு முழுக்க எங்காவது தேர்தல் நடக்கிறது. எந்த விலை மாற்றத்தையும் ஏதாவது ஒரு தேர்தலோடு ஒட்டிவிடலாம். ஒட்டாத உதாரணங்களும் உண்டு. 2016 மே 16 தமிழ்நாட்டு வாக்குப்பதிவுக்குப் பதினைந்து நாள் முன்னால், மே 1 அன்று, பெட்ரோல் ஒரு ரூபாய்க்கு மேலும் டீசல் ஏறக்குறைய 3 ரூபாயும் ஏறின. இது என் வாதத்துக்கு எதிரான சான்று, மறைக்க வேண்டியதில்லை. அப்போது மத்தியில் ஆண்ட கட்சிக்குத் தமிழ்நாட்டில் இழக்க அதிகம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் அதே கட்சி அசாமில் முழு மூச்சாகப் போட்டியிட்டது. அங்கே வாக்குப்பதிவு ஏப்ரலிலேயே முடிந்துவிட்டிருந்தது என்பதும் உண்மை. ஆகவே எல்லாத் தேர்தலும் விலையை உறைய வைக்கும் என்று சொல்ல மாட்டேன். மத்திய ஆட்சிக்குப் பெரிய பணயம் உள்ள தேர்தல்களில், கச்சா எண்ணெய் ஏறுமுகமாக இருக்கும்போது, உறைவு வருகிறது. அந்த இரண்டும் சேர்ந்த இடங்களில் 2018, 2021, 2022 மூன்றும் ஒரே வடிவத்தில் இருக்கின்றன. தற்செயல் என்றால் தேர்தல் முடிந்த மறுவாரம் விலை இறங்கிய உதாரணங்களும் சம அளவில் கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைப்பதில்லை. ஆட்சியாளர்கள் தேர்தலுக்கு முன் இனிப்பையும் பின் கசப்பையும் தருவார்கள் என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் வில்லியம் நார்ட்ஹவுஸ் 1975இலேயே ஒரு கோட்பாடாக எழுதினார். பிற்பாடு வேறு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். இது நம் நாட்டுக்கு மட்டுமான நோய் அல்ல.

சரி, இரண்டு மாதமாவது விலை ஏறாமல் இருந்தால் ஏழைக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விலையை உறையவைக்கும் செலவை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 2022 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டின. கச்சா எண்ணெய் போர்க்கால உச்சத்தில் இருக்க, மே மாதம் கலால் வரி மறுபடி குறைக்கப்பட்டு, சில்லறை விலை உறைந்திருந்தது. பிறகு கச்சா எண்ணெய் இறங்கியது. சில்லறை விலை இறங்கவில்லை. 2022 மே மாதம் 102 ரூபாய் 63 பைசாவில் நின்ற சென்னைப் பெட்ரோல், 2024 மார்ச் வரை அப்படியே நின்றது. பழைய நட்டத்தை ஈடுகட்டவே குறைக்கவில்லை என்று சொல்லப்பட்டது. 2023 - 2024 நிதியாண்டில் அதே மூன்று நிறுவனங்களின் மொத்த லாபம் ஏறக்குறைய 81,000 கோடி ரூபாய். அந்தப் பணம் யாரிடமிருந்து வந்தது? டிராக்டருக்கு டீசல் ஊற்றியவரிடமிருந்து. தேர்தல் காலத்து நிம்மதி இனாமாக வரவில்லை. கந்துவட்டிக்காரர் கொடுத்த கடன் போல வந்தது. 2024 மார்ச் 15 காலை 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் நாடாளுமன்றத் தேர்தல் அட்டவணை வெளியானது. அதற்கு ஒரு வாரம் முன்னால், மகளிர் தினத்தன்று, சமையல் சிலிண்டர் 100 ரூபாய் குறைந்திருந்தது. 2025 ஏப்ரலில் சிலிண்டர் 50 ரூபாய் ஏறியது. பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியும் 2 ரூபாய் உயர்ந்தது, கச்சா எண்ணெய் இறங்கியிருந்ததால் சில்லறை விலை மாறவில்லை. பங்கில் தெரியாத ஏற்றம் இது. இறங்கியிருக்க வேண்டிய 2 ரூபாய் இறங்காமல் போனது.

வரி என்ற இந்த இரண்டாவது கையைத்தான் நாம் குறைவாகக் கவனிக்கிறோம். 2014இல் பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி 9 ரூபாய் 48 பைசா, டீசல் மீது 3 ரூபாய் 56 பைசா. 2020இல் அவை 33 ரூபாயையும் 32 ரூபாயையும் நெருங்கின. 2022 மே குறைப்புக்குப் பிறகு பெட்ரோலில் 19 ரூபாய் 90 பைசா இருந்தது. அதில் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 பைசா. மீதி எல்லாம் சிறப்பு வரி, மேல்வரி என்ற பெயர்களில் மத்திய அரசுக்கே. உயர்த்திய பெரும்பகுதியைப் பகிராமல் வைத்துக்கொண்டு, குறைக்கும்போது மாநிலங்களும் குறைக்க வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. அதற்காக மாநிலத்தை விட்டுவிடவும் முடியாது. தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 4 ரூபாயும் குறைப்பதாகச் சொன்னது. அந்த ஆகஸ்ட் நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கும் சொன்னார். டீசல் அந்த அறிவிப்பில் இல்லை. பெட்ரோல் இரு சக்கர வண்டிக்காரரின் கையில் தினமும் நேரடியாகத் தெரிகிறது; டீசல் தெரியாமல் எல்லாவற்றிலும் கலந்திருக்கிறது. வாக்கு தெரிகிற இடத்தில் குறைப்பும் நடக்கிறது. பக்கத்துக் கர்நாடகத்தில் காங்கிரஸ் அரசு, 2024 ஜூன் 4 நாடாளுமன்ற முடிவுகள் வந்த பதினோராவது நாள் விற்பனை வரியை உயர்த்தி, பெட்ரோலை 3 ரூபாயும் டீசலை மூன்றரை ரூபாயும் ஏற்றியது.

ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் எல்லாம் தீரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாநிலங்கள் தம் கையில் மிச்சமிருக்கும் சில வரிகளில் ஒன்றை இழக்கும். விலையை எப்போது அசைப்பது என்ற அதிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கும். தேவை வேறு. பக்கத்தில் இலங்கை 2018இல் விலைச் சூத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆட்சி மாறியதும் அது கைவிடப்பட்டது. 2022இல் நாடே எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற பிறகு மறுபடி சூத்திரத்துக்கு வந்து, மாதந்தோறும் விலை திருத்துகிறார்கள். நம்மிடம் சூத்திரம் எழுத்தில் இருக்கிறது, கடைப்பிடிப்பு இல்லை. தினசரி மாற்றம் ரத்தானதாக யாரும் அறிவிக்கவில்லை. 2022 ஏப்ரலுக்குப் பிறகு அது சத்தமில்லாமல் நின்றுபோனது, அவ்வளவே. எண்ணெய் நிறுவனங்கள் ஒவ்வொரு நாளும் தங்கள் அடக்க விலை, லாப விகிதம், மத்திய வரி, மாநில வரி, டீலர் கமிஷன் ஆகியவற்றைத் தனித்தனியே தமிழிலும் எழுதி ஒவ்வொரு பங்கிலும் ஒட்டச் செய்யலாம். விலையை நிறுத்திவைத்தால் ஏன், எத்தனை நாள், எவ்வளவு செலவில் என்று அறிவிப்பதைச் சட்டக் கடமையாக்கலாம். கச்சா எண்ணெய் ஒரு அளவைத் தாண்டினால் வரி தானாக இறங்கவும், அளவுக்குக் கீழே போனால் தானாக ஏறவும் நாடாளுமன்றமே விதி வகுக்கலாம். இப்படிச் செய்தால் விலை மலிந்துவிடாது. ஆனால் பதினாறு நாளில் பத்து ரூபாய் என்ற அடி விழாது.

பழனித் தொகுதிக்கு அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வேட்பாளர்கள் பாலசமுத்திரத்துக்கும் வருவார்கள். பெட்ரோலை எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரிடமும் ஒரு தொகை தயாராக இருக்கும். கச்சா எண்ணெய் இறங்கும் மாதத்தில் டீசலும் இறங்க, வாக்குப்பதிவு நாளைப் பார்க்காத ஒரு விதியை எழுத உங்கள் கட்சி ஒப்புக்கொள்ளுமா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.